ரிஜெக்ட் ஆன வெல்டிங்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர். காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும் தூரம். ஜன்னலோரம் நரைத்த மீசைக்காரர். பக்கத்தில், முன்பு அவரோடு வேலை பார்த்து, இப்போது லீவுக்கு ஊர் வந்திருப்பவர்.

“அணுமின் நிலைய சைட்ல நான் ஒரு பைப் வெல்டிங்கை ரிஜெக்ட் பண்ணேனே, அதை வெட்டித் திரும்பப் போட்டாங்களா?” என்றார் மீசைக்காரர்.

“இல்லண்ணா.”

“மறுநாளே என் கேட் பாஸைப் புடுங்கிட்டாங்க. அப்புறம் எந்த சைட்லயும் இன்ஸ்பெக்டரா எடுக்கல. இப்ப பாகலூர்ல அட்டைப்பெட்டி எண்ணிட்டிருக்கேன். நான்தான் தப்பாப் பாத்துட்டனோன்னு தினம் தோணுதுப்பா.”

பஸ் சூளகிரியைத் தாண்டியது. மற்றவர் அவர் பக்கம் திரும்பினார்.

“நீங்க சரியாத்தாண்ணா பாத்தீங்க. எக்ஸ்ரே ஃபிலிம்ல விரிசல் தெளிவாத் தெரிஞ்சுது.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“அதைப் பாத்துட்டுத்தாண்ணா ஓகேன்னு நான் கையெழுத்துப் போட்டேன்.”