அரைக் கிளட்ச்

– தள்ளுங்க மாமா, தள்ளுங்க... இன்னும் ஒரு சாண்... போதும், போதும்! கை! கைய எடுங்க!

– எடுத்துட்டேன் மாப்ள. ஏன் இப்படிக் கத்துற?

– நசுங்குனா நான்தானே பதில் சொல்லணும்.

– யாருக்கு?

– ...அந்தக் கட்டைய எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் குடுங்க. டிராக்டர் ரெண்டா பிரிஞ்சு நிக்குது. முன்பாதி ஜாக்கி மேல இருக்கு. பின்பாதி உருண்டு வந்துச்சுன்னா ரெண்டு பேரும் நடுவுல சட்னி.

– எனக்கே பாடம் எடுக்குறியா? இந்த வண்டி நீ பொறக்குறதுக்கு முன்னாடி ஓடுன வண்டி.

– அதனாலதான் மரியாதை. என்னைவிட மூத்தது, ஆனா உங்களைவிடப் பரவாயில்ல. பத்துப் பன்னெண்டு போல்ட்டக் கழட்டுனா உள்ள இருக்கறத அப்படியே காட்டிடுது.

– உன் அக்காவக் கட்டுன நாள்லேர்ந்து பாக்குறேன். ஒவ்வொருத்தனுக்கு மீசை வளரும், உனக்கு வாய்தான் வளந்துச்சு.

– சரி, இங்க குனிஞ்சு பாருங்க. இது கிளட்ச் பிளேட்டு. போன வருஷம்தானே புதுசு போட்டுக் குடுத்தேன்?

– ஆமா.

– எத்தன நடவு ஆச்சு?

– ரெண்டு.

– ரெண்டே நடவுல... தொட்டுப் பாருங்க. கரி. இந்த ஓரமெல்லாம் சூட்டுல நீலம் பூத்துக் கெடக்கு. இந்த பேரிங்கச் சுத்துங்க... கேக்குதா?

– மணல் மாதிரி கேக்குது.

– அதுவும் போச்சு.

– அதான் வருஷா வருஷம் சொல்றேனே. கிளட்ச் மேலயே கால வெச்சு ஓட்டுவா. எத்தன தடவ சொன்னாலும்...

– 'ஓட்டுனா'ன்னு சொல்லுங்க மாமா. அக்கா என் வீட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு.

– ...பழக்கத்துல வந்துடுச்சு.

– எது? திட்டுறதா?

– ரெண்டுந்தான்.

*

– வெளக்கு இப்படி. ம்... ஆடாமப் புடிங்க. இந்தச் சின்ன கியர்பாக்ஸ் துளைக்குள்ள சுத்திவர ஊசி மாதிரி ரோலர் அடுக்கணும். கிரீஸ் தடவி ஒண்ணொண்ணா ஒட்டணும். பேசாதீங்க, எண்ணிக்கை தப்பிடும்.

– நான் எங்க பேசுனேன்?

– இப்பப் பேசுனீங்களே! ...பதினெட்டு... பத்தொம்பது...

– ஏன் மாப்ள, இந்தச் சின்ன கியர்பாக்ஸ் உள்ள போனா, நெஜமா எவ்ளோ மெதுவா போகும்?

– இருபத்திரெண்டா, இருபத்திமூணா... எண்ண விடமாட்டீங்க நீங்க. போகும். எஞ்சினுக்கும் பழைய கியர்பாக்ஸுக்கும் நடுவுல இது உக்காரும். இந்த லிவரப் பின்னால இழுத்தா, இப்ப போற ஃபர்ஸ்ட் கியர்ல பாதிதான் வேகம். பாதிகூட இருக்காது.

– நடக்குற வேகமா?

– நடக்குறதா? தவழுற வேகம். சரி, நான் கேக்குறேன்... டிராக்டர் இழுக்கற நாத்து நடுற மெஷின்ல, பின்னால உக்காந்து நீங்க ஒவ்வொரு நாத்தா வெப்பீங்க. முன்னால யாரு ஓட்டுவா?

– யாரும் இல்ல.

– என்னது?

– சால்ல சக்கரத்த எறக்கி விட்டா தானா நேரா போகும். அவ்ளோ மெதுவா போனா, வரிசை முடியறப்ப நான் எறங்கி ஓடிப்போய்த் திருப்பிக்கலாம். எஞ்சின நிறுத்துற கம்பில ஒரு கயிறு கட்டி, நுனிய என் இடுப்புல முடிஞ்சுக்குவேன்.

– இடுப்புல... மாமா, இத யாராவது கேட்டா நம்மளக் கட்டி வெச்சு வைத்தியம் பாப்பாங்க.

– வேற வழி சொல்லு.

– ஆள் வெச்சுக்கறது.

– வெச்சேனே! போன நடவுக்கு ஒருத்தன வெச்சேன். இருபது வருஷமா டிராக்டர் ஓட்டுறவன். கேட்டியா, ஃபர்ஸ்ட் கியரப் போட்டான், கிளட்ச விட்டான்... வண்டி கெளம்பி ஓடுது. நான் ஒரு நாத்த வெக்கறதுக்குள்ள மூணு நாத்து எடம் தாண்டிப் போயிடுது. 'மெதுவா, மெதுவா'ன்னு கத்துறேன். நிறுத்தி எறங்கி வந்தான்.

– திட்டுனானா?

– திட்டியிருந்தா தேவலயே. மரியாதையாத்தான் சொன்னான். 'அண்ணே, இந்த வண்டிக்கு இதுக்கு மேல மெதுவா போகத் தெரியாது. இது இவ்ளோதான்.' அப்புறம் என்னப் பாத்து, 'இத்தன வருஷம் உங்க வீட்ல எப்படிண்ணே ஓட்டுனாங்க?'ன்னான்.

– என்ன சொன்னீங்க?

– தலைவலின்னு சொல்லி வீட்டுக்குப் போயிட்டேன்.

– ...இருபத்தாறு. ஒண்ணு கொறையுது. இருபத்தேழு வேணும்.

– நீ சரியா எண்ணியிருக்க மாட்ட.

– எண்ணுனேன். கீழ பாருங்க. துணிய ஒதறாதீங்க! மெதுவா... உங்க முழங்கைல என்ன?

– எங்க?

– கிரீஸோட ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. திருட்டு மாமா.

– அதுவா வந்து ஒட்டிக்கிச்சு. என்கிட்ட வந்து ஒட்டுறது இப்ப இது ஒண்ணுதான்.

– குடுங்க அத.

– சும்மா சொன்னேன். அடுக்கு, அடுக்கு.

– மாமா.

– ம்.

– அக்கா எப்படி ஓட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு, இல்லயா?

– மறுநாள் நானே ஏறி உக்காந்து பாத்தேன். கிளட்சப் பாதி மிதிச்சுக்கிட்டே ஓட்டுனாத்தான் அந்த வேகம் வருது. முழுசா விட்டா ஓடுது, முழுசா மிதிச்சா நிக்குது. பாதில புடிச்சுக்கிட்டே இருக்கணும். அரை வரிசை போனேன் மாப்ள. தொடை வெடவெடன்னு ஆடுது. எறங்குனப்ப இடது கால ஊன முடியல.

– அக்கா பத்தொம்பது வருஷம் ஓட்டுச்சு.

– ஆமா.

– ஒரு நாளைக்கு எத்தன வரிசை?

– எண்ணாத. வேணாம்.

*

– பசை தடவியாச்சா? நாலு பக்கமும்? மெல்லிசா தடவுங்க, ரொட்டில தடவுற மாதிரி அப்பாதீங்க. ரெண்டு நாளா உசுரக் குடுத்துக் கோத்த பொட்டி, எண்ணெய் கசிஞ்சா நாந்தான் மறுபடி பிரிக்கணும்.

– தடவிட்டேன். இப்ப தூக்கவா?

– தூக்குங்க... ஷாஃப்ட் முதல்ல போகணும். இன்னும் கொஞ்சம் மேல... இடது பக்கம். அது என் இடது. உங்க வலது!

– ஒழுங்கா சொல்லித் தொலையேன்!

– கத்தாதீங்க மாமா. பல்லு பல்லோட சேரல, அவ்ளோதான். வேகமாத் தள்ளுனா சேராது. நான் பின்னால சக்கரத்த லேசா சுத்துறேன், நீங்க சும்மா ஏந்திக்கிட்டு இருங்க. அதுவா போகும்.

– ...போகுது.

– ம்.

– போயிடுச்சு மாப்ள! டக்குன்னு உள்ள போயிடுச்சு!

– போல்ட்டக் கையால மாட்டுங்க. ஸ்பேனர் அப்புறம்.

– உங்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? அன்னிக்கு அவ எறங்கிப் போனாளே...

– சொல்லுங்க.

– உங்கிட்ட என்ன சொன்னா?

– ஒண்ணும் சொல்லல. செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு, நொண்டிக்கிட்டே வந்துச்சு. 'உள் ரூம் காலியா இருக்கா?'ன்னு கேட்டுச்சு. அவ்ளோதான்.

– நான் பின்னால உக்காந்து கத்திக்கிட்டு இருக்கேன். 'மெதுவாப் போ, மெதுவாப் போ, காது கேக்கலயா'ன்னு. பாத்தா... நாத்து எல்லாம் ஒரே எடத்துல விழுது. அப்பவும் கத்துறேன். அப்புறம்தான் தெரியுது, வண்டி நிக்குது.

– நிக்குற வண்டியவா...

– நிக்குற வண்டியப் பாத்து 'மெதுவாப் போ'ன்னு கத்திக்கிட்டு இருந்திருக்கேன். நிமிந்து பாத்தா சீட்டுல ஆள் இல்ல. அவ பாதி வயலத் தாண்டி நடந்து போறா. நான் கூப்பிடல. நடவு கெட்டுதேன்னுதான் அந்த நேரம் தோணுச்சு.

– அந்த போல்ட்டயும் மாட்டுங்க.

– ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அவ முட்டி ஆபரேஷன் அன்னிக்கு.

– தெரியும்.

– எப்படித் தெரியும்? நான் உள்ளயே வரலயே.

– ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதுத்தாப்ல பைக்கோட செயின ஒரு மணி நேரமா சரி பண்ணிக்கிட்டு இருந்தீங்க. மாடி ஜன்னல்லேர்ந்து ரெண்டு பேரும் பாத்தோம். 'நல்லாருக்கற செயின ஏண்டா மாமா கழட்டிக் கழட்டி மாட்டுறாரு'ன்னு அக்கா கேட்டுச்சு.

– கூப்பிட்டிருக்கலாம்ல?

– நீங்க வந்திருக்கலாம்ல?

– ...ஸ்பேனர எடு.

*

– எஞ்சின் சூடாயிடுச்சு. ஏறுங்க. வேகம் பாக்க, பட்டறை வாசல்ல ஒரு கோடு, அந்தத் தூண்கிட்ட ஒரு கோடு போட்டிருக்கேன். ஃபர்ஸ்ட் கியரப் போட்டுட்டு, புது லிவரப் பின்னால இழுங்க. சத்தம் வருதா?

– இல்ல. உக்காந்துடுச்சு.

– கிளட்ச விடுங்க. மெதுவா... முழுசா விடுங்க மாமா, முழுசா.

– விட்டுட்டேன்.

– பொய். கால் அங்கயேதான் இருக்கு.

– விட்டுட்டேன்னு சொல்றேன்ல! பாரு, ரெண்டு காலும் மேல!

– அட... போகுது பாருங்க. போகுதா, இல்லயான்னே தெரியல. நான் பக்கத்துல நடந்தாலே முந்திடுவேன் போல. மாமா, எப்படி இருக்கு? ...மாமா?

– நிறுத்திக்கறேன்.

– இன்னும் ரெண்டாவது கோடு வரல.

– போதும் மாப்ள. தெரிஞ்சிடுச்சு.

– ஏன், என்ன ஆச்சு? எறங்குங்க, இப்படி உக்காருங்க. தண்ணி குடிங்க.

– பூ மாதிரி போகுதுடா. கால் அது பாட்டுக்கு சும்மா இருக்கு. ஒண்ணுமே பண்ண வேணாம்.

– ஆமா.

– உங்க அக்கா இத ஒரு தடவ பாக்கணும். நான் வீட்டுக்கு வரேன். இல்ல, இங்கயே கூட்டிட்டு வா. ஓட்ட வேணாம், மேல உக்காந்தா போதும். நான் வாயே தெறக்க மாட்டேன்.

– இதுக்குத்தான் செஞ்சீங்களா? இடுப்புல கயிறு, தனியா நடவுன்னதெல்லாம்...

– அவ வரலன்னா அதுதான். வந்தா...

– காலைல கெளம்பும்போதே கேட்டேன் மாமா. 'வண்டி இன்னிக்கு முடிஞ்சிடும், வந்து பாக்குறியாக்கா'ன்னு.

– என்ன சொன்னா?

– 'நல்லது. இனி அவருக்குத் தொண்ட வலிக்காது'ன்னு சொல்லிட்டு, துணி மடிக்கப் போயிடுச்சு.

– கோவமா சொன்னாளா?

– இல்ல. அதான் எனக்கும் பயமா இருக்கு. கோவம் இருந்தா நான் பேசிப் பாத்திருப்பேன். பக்கத்து வீட்டு ஆளப் பத்திச் சொல்ற மாதிரி சொல்லுச்சு.

– வர மாட்டாளா?

– வர மாட்டா மாமா. உங்களுக்கு ஆச காட்டிக்கிட்டே இருக்கறதுல அர்த்தமில்ல.

– ...சரி.

– இன்னொண்ணும் சொல்லிடறேன். சொல்லலன்னா எனக்குத் தூக்கம் வராது. இந்தப் பொட்டிய நான் எங்கயும் தேடிப் புடிக்கல. அக்கா கொண்டு வந்தது. ஆறு வருஷம் முன்னாடி. எங்கயோ பழைய டிராக்டர ஒடைக்கிறாங்கன்னு கேள்விப்பட்டுப் போயி, இதச் சாக்குல கட்டி, ரெண்டு பஸ் மாறிக் கொண்டு வந்துச்சு. 'இதப் போட்டா கால் தப்பிக்கும், எப்படியாவது வண்டில மாட்டிக் குடுடா'ன்னுச்சு. நான் 'மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுறேன்'னு சொன்னேன்.

– ம்.

– கேக்கல. நீங்க கத்துவீங்கன்னு பயம். அப்புறம் வேலை மேல வேலை, சோம்பேறித்தனம். அக்கா ஒரு நாலஞ்சு தடவ கேட்டுச்சு, அப்புறம் கேக்குறத விட்டுடுச்சு. எனக்கு நிம்மதியா இருந்துச்சு, அக்கா மறந்துடுச்சுன்னு. ஆறு வருஷம் பட்டறைல என் காலுக்கடியில கெடந்துச்சு மாமா, மேல கால வெச்சுக்கிட்டு டீ குடிச்சிருக்கேன். அந்த முட்டி போனது என்னாலதான். உங்ககிட்ட அன்னிக்கே ஒரு வார்த்த கேட்டிருந்தா... ஏன் சும்மா இருக்கீங்க? திட்டுங்க. எப்பவும் திட்டுவீங்கல்ல, திட்டுங்களேன்!

– நீ கேக்காட்டி என்ன மாப்ள, அவளே கேட்டா. எனக்குச் சோறு போட்டுக்கிட்டே கேட்டா, 'தம்பிகிட்ட ஒரு கியர்பாக்ஸ் இருக்கு, நம்ம வண்டிக்குப் போட்டுக்கலாமா'ன்னு. நான் சிரிச்சுக்கிட்டே, 'ஓட்டத் தெரிஞ்சவளுக்குத்தான் கியர், உனக்கெதுக்கு'ன்னேன். அவளும் கூடச் சேந்து சிரிச்சா... உங்கிட்ட கேக்குறத விட்டது அதுக்கப்புறமாத்தான் இருக்கும்.