அரிசி மூட்டையில் மாமியார்

கும்பகோணத்திலிருந்து குடவாசல் போகும் பேருந்தில், என் முன் சீட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு தோழிகள். சன்னலோரம் இருந்தவர் வெளியே ஒரு கடை வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகளைக் காட்டித் திடீரென்று சொன்னார்:

“அந்த அரிசி மூட்டையில இருக்கிற புலி எங்க மாமியார்தான்.”

மற்றவர் சிரிப்பில் தண்ணீர் பாட்டிலைத் தவறவிட்டார். “என்னடி ஸ்டெல்லா சொல்ற?”

“ஊறுகாய், ஊதுபத்தின்னு எத்தனை லேபிள் வரைஞ்சிருப்பேன்! எதையும் நேர்ல பார்த்துதான் வரைவேன். ரைஸ்மில்காரர் புலி கேட்டாரு. புலிக்கு நான் எங்க போறது? ‘குடும்பப் பொம்பளைக்குப் படம் போடுற வேலை எதுக்கு’ன்னு அத்தை தினமும் முறைச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்த முறைப்பை அப்படியே வச்சுட்டேன்.”

“அவங்களுக்குத் தெரிஞ்சுதா?”

“ஒரு நாள் எங்க வீட்டுக்கே அந்த மூட்டை வந்துடுச்சு. அத்தை குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க. இன்னியோட பிரஷ்ஷைத் தூக்கிப் போட வேண்டியதுதான்னு நினைச்சேன். ‘இது நானாடி?’ன்னாங்க. ‘ஆமா அத்தை’ன்னுட்டேன்.”

“ஐயையோ!”

“நேரா பீரோ கண்ணாடி முன்னாடி போய் நின்னு முறைச்சுப் பார்த்தாங்க. திரும்பி வந்து, ‘கண்ணெல்லாம் சரி. மூக்குத்தியை ஏன்டி விட்ட?’ன்னாங்க.”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அதுக்கப்புறம் என் வேலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. இப்பல்லாம் எந்தச் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனாலும் நேரா அடுப்படிக்குப் போயிடறாங்க. ‘உங்க வீட்டுல நான் இருக்கேனா?’ன்னு கேக்கறாங்க.”