மூன்று நிமிடமும் ஏழு மாதமும்

சர்க்கரை இல்லாத டீதான் நான் குடிப்பேன், பரந்தாமன் சார். கேட்காமலே அப்படிக் கொண்டுவரச் சொன்னதற்கு நன்றி. விசாரணை என்றதும் கதவைச் சாத்திக்கொண்டு கத்துவீர்கள் என்று நினைத்து வந்தேன். நீங்கள் மரியாதையாகக் கேட்பதால் நானும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இருபத்திரண்டு வருடமாக இந்த ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. பொங்கல் லீவில் நான் மட்டும் நம் ஆம்பூர் ஃபேக்டரிக்கு வந்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் உள்ளே இருப்பது ஒன்று விடாமல் முழு பேக்கப் எடுத்து அலமாரியில் பூட்டுவேன். இது எல்லோருக்கும் தெரியும். அதனால் நம் ஆட்கள் ஒரு காரியம் செய்வார்கள். வீட்டில் ஃபோன் நிறைந்துவிட்டால் பிள்ளைகளின் படங்களை பென்டிரைவில் கொண்டுவந்து ஆபீஸ் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, ஃபோனைக் காலி செய்துகொள்வார்கள். கம்பெனியில் இருந்தால் பத்திரம் என்று ஒரு நம்பிக்கை. ஏற்றலாம், ஆனால் வெளியே எதையும் எடுக்க முடியாது. வெளிநாட்டுக்காரர்களின் டிசைன் கசியக் கூடாது என்று நான்தான் பூட்டியிருக்கிறேன். ஃபோனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

தோல் தரம் பார்க்கும் பிரிவின் சூப்பர்வைசர் ஜெனிஃபாவும் அப்படித்தான் செய்திருந்தார். அவருடைய ஒரே மகள் ஹெப்சி. போன கிறிஸ்மஸுக்கு ஞாயிறு பள்ளி மேடையில் வசனம் ஒப்புவித்தாள். மூன்று நிமிட வீடியோ. பிப்ரவரியில் குழந்தைக்கு நோய் என்று தெரிந்தது. ஏழு மாதம் வேலூரில் வைத்துப் பார்த்தார்கள். செப்டம்பரில் போய்விட்டாள். நானும் அடக்கத்துக்குப் போனேன். பெட்டி மிகவும் சின்னது.

நவம்பரில் ஜெனிஃபா என் அறைக்கு வந்தார். படங்களை வரிசைப்படுத்தும்போது அந்தக் கிறிஸ்மஸ் வீடியோவைத் தவறுதலாக அழித்துவிட்டாராம். ஃபோனிலும் இல்லை. பொங்கல் பேக்கப்பில் இருக்குமா என்று கேட்டார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"தொண்டையில குழா போட்ட அப்புறம் அவ பேசவே இல்லணா. அவ குரல் அது ஒண்ணுலதான் இருக்குது."

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். முழு பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு ஃபைலை எடுப்பது பெரிய வித்தை இல்லை சார். பேக்கப்பை இன்னொரு டிரைவ் போலத் திறந்து, வேண்டியதை மட்டும் நகல் எடுத்துக்கொள்ளலாம். அவர் மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் ஹெப்சியின் வீடியோவை எடுத்து என் பென்டிரைவில் போட்டுவிட்டேன். மஞ்சள் பாவாடை. நடுவில் ஒரு வார்த்தையை மறந்து, அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

மறுநாள் ஜெனிஃபாவை உட்காரவைத்து நிதானமாக விளக்கினேன். முழு பேக்கப் என்பது ஒரே கட்டு, தனியாக ஒரு ஃபைல் வராது. திருப்பிப் போட்டால் இந்த லேப்டாப் ஜனவரியில் எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிடும், அதற்குப் பிறகு ஏற்றியது எல்லாம் போய்விடும் என்றேன். ஜனவரிக்குப் பிறகு ஏற்றியது அந்த ஏழு மாதம்தான். மொட்டைத் தலையோடு கேக் வெட்டியது, நர்ஸுக்கு மருதாணி போட்டுவிட்டது, பேச முடியாமல் கையை ஆட்டி அம்மாவைக் கூப்பிட்டது. அதற்கும் வேறு நகல் இல்லை.

"அத மட்டும் முதல்ல வெளிய எடுத்து வச்சிக்கக் கூடாதாணா? இன்னா செலவானாலும் பரவால்ல."

பூட்டைத் திறந்தால் இரண்டு பேர் வேலையும் போய்விடும் என்றேன். கம்பெனி லேப்டாப்பில் வீட்டு வீடியோ வைத்திருந்த விஷயமும் வெளியே தெரிந்துவிடும் என்றேன். வேறு கம்ப்யூட்டரில் போட்டால் பேக்கப் திறக்காது, வெள்ளிக்கிழமையோடு அந்த டிஸ்க்கை அழித்துவிடுவேன் என்றும் சொன்னேன். எதுவும் உண்மையில்லை. ஆனால் ஒன்றையும் நான் குரலை உயர்த்திச் சொல்லவில்லை.

ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாராவது உங்களிடம் சொல்வார்கள். போன வருடம் இத்தாலிக்காரர்கள் வந்தபோது ப்ரொஜெக்டர் மக்கர் செய்தது. என்னைக் காட்டி, நத்தானியேல் அண்ணனுக்கு ஆஃப் பண்ணி ஆன் பண்ணத்தான் தெரியும் என்று ஜெனிஃபா எல்லோர் முன்னாலும் சொன்னார். கட்டிங் பிரிவு காஷிஃப் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பதினோரு பேர் சிரித்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முடிவெடுக்க மூன்று நாள் கொடுத்தேன். அந்த மூன்று நாளும் அவர் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்குப் போகவில்லை. லேப்டாப்பைத் திறந்து அந்த ஏழு மாதத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதை எத்தனை தடவை ஓட்டுகிறார் என்று என் திரையில் தெரியும். கேக் வெட்டியதை ஒன்பது தடவை. கையை ஆட்டிக் கூப்பிட்டதை எண்ணுவதை விட்டுவிட்டேன். நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் பென்டிரைவ் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"குரலயே குடுத்துருங்கணா. மூஞ்சி மனசுல நிக்குது. குரல்தான் மறந்துக்கினே வருது."

முழு சம்மதத்துடன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். உங்கள் கோப்பில் இருக்கிறதே, அந்தக் கடிதம்தான். பிறகு அவர் கண் முன்னாலேயே திருப்பிப் போட்டேன். திரையில் கோடு நகர்ந்து முடிய நாற்பது நிமிடம் ஆனது. அவர் நின்றபடியே இருந்தார். வீடியோ ஓடியதும் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

போன வாரம் என் பிரிவுக்குப் புதிதாக வந்த செந்தில்குமார், காஷிஃபின் பழைய கட்டிங் வரைபடம் ஒன்றைப் பேக்கப்பிலிருந்து தனியாக எடுத்துக் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்தில் ஜெனிஃபா நின்றிருந்தார். ஒரு ஃபைலை மட்டும் எடுக்க முடியுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம். அதற்கு அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு போனதில் நீங்களும் ஒருவர். இன்னும் வேலைக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அந்த ஏழு மாதத்துக்கு நகல் ஏதாவது எடுத்து வைத்தேனா என்று கேட்டீர்கள். எடுத்தேன் சார். எதையும் அழிக்கும் முன் நகல் எடுப்பது என் பழக்கம். அவர் கொஞ்ச நாள் அதை நினைத்து ஏங்கட்டும், பிறகு கொடுத்து ஆச்சரியப்படுத்தலாம் என்றுதான் என் மேஜை டிராயரில் வைத்திருந்தேன்.

ஆனால் லேப்டாப்பைத் திருப்பிப் போட்ட அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையே, வீடியோ கிடைத்ததற்கு நன்றியாக அவர்கள் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார்கள். அவர் கணவர் ஷாஜின் பைக்கில் வந்து என்னை அழைத்துப் போனார். போதகர் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள். ஜெனிஃபா எழுந்து நின்று, கர்த்தர்தான் நத்தானியேல் அண்ணனை எனக்கு அனுப்பினார் என்று சாட்சி சொன்னார். வந்திருந்த எல்லோரும் என்னைப் பார்த்துக் கை கூப்பினார்கள். பிரியாணி போட்டார்கள், நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அந்த நகலை, இனி யாராலும் எடுக்க முடியாதபடி அழித்தேன். வேறு என்ன செய்வது? அதைக் கொடுத்தால் நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிள்ளையைப் பறிகொடுத்தவர் சார். அவர் மனதை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.