மாதத்துக்கு முன்னால் ஒரு பூஜ்யம்

உங்கள் சுவர்க் காலண்டரில் இன்னும் போன மாதம்தான் தொங்குகிறது, ஐயா. கிழித்துவிட்டு உட்காரட்டுமா? வேண்டாமென்றால் சரி.

எங்கள் பனாமாவில் ஒழுங்காகத் தேதி எழுதுகிறவன் அபூர்வம். பாதிப்பேர் நாளை முன்னால் எழுதுவார்கள். கால்வாயில் அமெரிக்கர்களிடம் வேலை பார்த்த குடும்பங்கள் மாதத்தை முன்னால் எழுதும். இரண்டு கூட்டமும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே கணினியில் பதிந்தது. சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் என் பொறுப்பு. பொருத்தம் சமமாக இருந்தால் முதலில் பதிந்தவருக்கே சிறுநீரகம். தேதி பிசகினால் ஆள் காலி. ஆண்டு, மாதம், நாள் என்று எழுதுங்கள், மாதமும் நாளும் இரண்டிரண்டு இலக்கம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

பதிவு மேசையில் யாரிபெல். பொரித்த ரொட்டி தின்ற எண்ணெய் விரலோடு விசைகளைத் தட்டுவாள்.

"என்னய்யா பூஜ்யம், மாசத்துக்கு முன்னாடி ஒரு சைபர் போடலன்னா எவன் செத்துடப் போறான்?"

அறையே சிரித்தது. அன்றிலிருந்து வாசல் காவலாளிக்கும் நான் பூஜ்யம்தான். எனக்கு வருத்தமில்லை. மூளையை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வருகிறவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

பிப்ரவரியில் எல்லாத் தேதிகளையும் ஒரே வடிவத்துக்கு மாற்றச் சொன்னார்கள். அதற்கான கணினி நிரலை நான்தான் எழுதினேன். அது முதல் எண்ணை மாதமாக எடுத்துக்கொள்ளும். சந்தேகமான இடத்திலெல்லாம் காகிதக் கோப்பைப் புரட்டி, நோயாளிக்கே போன் போட்டுக் கேட்டு, கையால் திருத்தினேன். ஊரே கார்னிவல் திருவிழாவில், லாரியிலிருந்து பீய்ச்சும் தண்ணீரில் நனைந்து ஆடிக்கொண்டிருந்தது. ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

யாரிபெலின் தம்பி எடில்பெர்த்தோவும் பட்டியலில் இருந்தான். முந்தைய ஆண்டு அவளே பதிந்தது: 11/2. பிப்ரவரி பதினொன்று. நிரல் அதை நவம்பர் இரண்டு ஆக்கியிருந்தது. அவன் கோப்பைத் திறந்தேன். படித்தேன். மூடி வைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு சிறுநீரகம் வந்தது. அவனுக்கும் பொருந்தியது, அவன் பதிந்த அதே ஆண்டு ஜூனில் பதிந்த ஒரு பெண்ணுக்கும் பொருந்தியது. அவளை அறுவை அறைக்குள் கொண்டுபோன பிறகுதான் யாரிபெல் என் மேசைக்கு ஓடி வந்தாள்.

"என் தம்பிதானே முன்னாடி பதிஞ்சான்? கொஞ்சம் பாருங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

முதன்முறையாக எனக்கு மரியாதை.

"நவம்பர்னு இருக்கு. நீதானேம்மா பதிஞ்சே?"

அன்றே திருத்திவிட்டேன். நான் பிடிவாதக்காரன் அல்ல. ஆனால் அடுத்தது வரவில்லை. ஜனவரியில் எடில்பெர்த்தோ போய்விட்டான்.

ஆம், தெரிந்தேதான் விட்டேன். மற்ற எல்லோருடையதையும் சரிசெய்துவிட்டு அவன் தேதியை மட்டும் விட்டேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் கற்றுக்கொடுத்தேன். தம்பி இறந்த தேதியை யாரிபெல்தான் பதிந்தாள். அழுதுகொண்டே பதிந்தாள். ஆண்டு, மாதம், நாள். மாதத்துக்கு முன்னால் பூஜ்யம்கூடப் போட்டிருந்தாள்.