பால் அளக்கும் கையும் நான் படும் பொறாமையும்

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்று, நான் நீட்டி முழக்கிவிடுவேனோ என்ற அச்சத்தில் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் பால் சங்கத் தலைவர் பெரியவர் குப்புராஜ் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் ஆன்றோர்களே! இண்டூர் வட்டாரத்தின் விடியலைக் கறவையோடு தொடங்கிவைக்கும் பால் உற்பத்தியாளர்களே! சாயங்காலக் கறவைக்கு முன் கிடைத்த ஒரு மணி நேரத்தையும் எங்களுக்கே தந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாவது வரிசையில், பேசுவது யாரோ என்பதுபோல் வேறு பக்கம் திரும்பி அமர்ந்திருக்கும் என் தந்தை மாதப்பன் அவர்களே! செய்தியாளன் தமிழ்ச்செல்வனின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியதாகுக.

இங்கே எனக்கு இட்ட பணி, இந்தச் சங்கத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பால் அளக்கும் அமுதவல்லி அவர்களைப் பாராட்டுவது. பாராட்டத்தான் வந்தேன். ஆனால், உள்ளதை உள்ளபடி எழுதி முப்பத்தொரு ஆண்டு பிழைத்தவன் மேடையேறிப் பொய் சொல்லலாமா? உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அந்த அம்மாவின் மீது பொறாமை! பச்சை மிளகாயைக் கடித்ததுபோல் எரிகிற பொறாமை!

எதற்காகப் பொறாமை? அவர் அணிந்த பொன்னாடைக்கா? நீங்கள் அடித்த கைத்தட்டலுக்கா? இல்லை, அவையோரே. என் அப்பா அவரிடம் உண்மை பேசுகிறார். என்னிடம் பேசுவதில்லை.

சென்ற தை மாதம், மாட்டுக்கொட்டகையில் அப்பா சாய்ந்தார். வலது கை தூக்க வரவில்லை. தருமபுரி மருத்துவமனையில் டாக்டர் என்னைக் கேட்டார்: “பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடறாருங்களா?” நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: “ஒரு நாள் தவறாமல்!” எனக்கு எப்படித் தெரியும்? தினமும் காலை தருமபுரியிலிருந்து போன் செய்வேன். “மாத்திரை போட்டாச்சாப்பா?” “ஆச்சு, ஆச்சு.” அவ்வளவுதான். அன்று மாலை அப்பாவின் வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்தேன். பதினொரு மாத்திரை அட்டைகள். ஒன்றில்கூட ஓர் ஓட்டை இல்லை.

ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி நான் ஒரு வரிச் செய்தி எழுதியதில்லை. சாலை விபத்து என்றால் சாலைக்குப் போவேன். ஏரி உடைந்தது என்றால் ஏரிக்குப் போவேன். அப்பாவின் உயிர் என்றபோது மட்டும், போனில் வந்த ஒற்றைச் சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது!

கை தேறியது. “இன்னொரு தடவை வந்தா கையோட போகாதுங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பயந்துபோனேன். ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா வாங்கினேன். போனில் மூன்று அலாரம் வைத்தேன். சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். அலாரம் அடித்தது, அணைத்தார். டப்பா இருந்தது, இருந்தபடியே இருந்தது.

அப்போதுதான் அமுதவல்லி வருகிறார். நம் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெரியவர்கள் பால் அட்டையை நீட்டும்போது மாத்திரை அட்டையும் கூடவே நீள வேண்டும். எந்த அரசாணையும் போடாத சட்டம் அது. என் அப்பா சாய்ந்த பிறகு அமுதவல்லி போட்ட சட்டம்.

என்ன சிரிப்பு, குள்ளம்மாள் ஆத்தா? உங்கள் கதையையும் அவிழ்த்துவிடட்டுமா? ‘சொல்லு, சொல்லு’ என்று கையாட்டுகிறார், பாருங்கள்! பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாளுக்கு ரோஸ் நிறத்தில் மாத்திரை, தனக்கு மட்டும் வெறும் வெள்ளையா என்று இந்த ஆத்தா மாற்றி வாங்கி விழுங்கப் போனவர்! அமுதவல்லி என்ன சொன்னார்? “மாத்திரை என்ன வளையலா ஆத்தா, மாத்திப் போட்டு அழகு பாக்க?” ஆகவே அவையோரே, இந்த ஊரில் பொறாமைப்படுகிறவன் நான் ஒருவன் மட்டும் அல்லன்!

என் அப்பாவின் கதைக்கு வருகிறேன். ஒரு நாள் காலை, பால் ஊற்றும் இடத்தில் நடந்தது இது.

“மாத்திரை அட்டை எங்கீங்க பெரியப்பா?”

“வூட்ல இருக்குது அமுதா. போட்டுக்கிட்டேன்.”

“சரிங்க. காலையில என்ன சாப்ட்டீங்க?”

“காலையில எவன் சாப்புடறான்? ஒரு டீத்தண்ணி. பதினோரு மணிக்கு மேல காட்டுல களி.”

“அப்ப மாத்திரை எப்பப் போட்டீங்க?”

அப்பா பால் கேனைக் கீழே இறக்கி வைத்தாராம். பிறகு சொன்னாராம்: “சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொன்னாங்க. களி திங்கறப்ப நான் காட்டுல, மாத்திரை வூட்ல. திரும்பி வந்தா நேரம் தப்பிப்போவுது. தப்புன நேரத்துல போடப் பயந்துக்கிட்டு விட்டுடறேன்.”

கேட்டீர்களா? கேள்வி கேட்டே சோறு தின்றவன் நான். எத்தனை அதிகாரிகளைக் கேட்டிருக்கிறேன், எத்தனை அமைச்சர்களைக் கேட்டிருக்கிறேன்! ‘என்ன சாப்பிட்டீர்கள்’ என்ற அந்த ஒரு கேள்வி என் வாயில் வரவில்லையே! பொறாமைப்படாமல் என்ன செய்வேன்?

மறுநாளே அமுதவல்லி என் அப்பாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனார். களி தின்னும் நேரத்திலேயே தினமும் போடலாம் என்று டாக்டர் எழுதித் தந்தார். அன்று முதல், அட்டையிலிருந்து கத்தரித்த ஒரு மாத்திரை, களி கொண்டுபோகும் தூக்குப்போசியோடு காட்டுக்குப் போகிறது.

போன மாதம் அமுதவல்லி, மகளின் பிரசவத்துக்காக மூன்று நாள் சேலம் போனார். அளக்க வேறு ஆள் இருந்தார். கேட்க ஆள் இல்லை. நான் போய் நின்றேன். அப்பா கேனோடு வந்தார். “மாத்திரை?” என்றேன். “ஆச்சு” என்றார். முகம் பார்த்தேன், பொய். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: “அவங்ககிட்ட மட்டும் நிஜம் சொல்றீங்க. எங்கிட்ட ஏம்ப்பா பொய்?”

அப்பா நிதானமாகச் சொன்னார்: “நீ கேக்கறப்பவே உனக்கு வேல இருக்குதுன்னு தெரியுதுடா. ஆச்சுன்னு சொன்னாத்தான் போனை வெப்ப. அமுதா அப்பிடியில்ல. கேட்டுப்போட்டு, பதிலுக்கு நிக்குது.”

தாய்மார்களே! ஓசூரிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு ஊருக்குப் போன் போடும் பிள்ளைகளைப் பெற்றவர்களே! அந்தப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். ‘ஆச்சு’ என்ற பதிலை வாங்குவதற்காகக் கேட்காதே! ‘ஆகலை’ என்று சொல்ல இடம் விட்டுக் கேள்! கேட்டுவிட்டு நில்! அந்த நிற்றல் அமுதவல்லிக்கு வந்திருக்கிறது, நமக்கு வரவில்லை என்றால், பொறாமைப்படு! வயிறு எரியப் பொறாமைப்படு! அந்த எரிச்சலிலாவது அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் ஒரு வாய்த் தண்ணீரும் ஒரு மாத்திரையும் வேளைக்குப் போய்ச் சேரட்டும்!

தலைவர் மணியைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் என் போன் அடித்தது. அப்பா. அவராக எனக்குப் போன் செய்து எத்தனை காலம் ஆகியிருக்கும்! “டேய் தமிழு, மாத்திரைய இன்னைக்கு மறந்துட்டு வந்துட்டேன்டா” என்றார். முப்பத்தொரு ஆண்டில் எனக்குக் கிடைத்த எந்தச் செய்தியும் அதற்கு ஈடாகாது. ஏன் மறந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. வண்டியை எடுத்தேன். வீட்டில் மாத்திரையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். வரப்பில் களி தொடாமல் ஆறிக் கிடந்தது, அப்பா எனக்காகக் காத்திருந்தார்.

அமுதவல்லி அம்மா, நன்றி. பொறாமை இன்னும் தீரவில்லை; நேற்றிலிருந்து கொஞ்சம் குறைந்திருக்கிறது. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. மடி கனத்த மாடுகள் கத்தத் தொடங்கிவிட்டன, போய்ப் பால் கறங்கள். வணக்கம்.