சாகாத நாற்பது கோழி

— அந்தச் செருப்பை ஷெட்டுக்குள்ளயே விட்டுட்டு வாடா. கையைக் கழுவு. அப்புறம் பேசலாம்.

— என்னக்கா, கூடப் பொறந்தவன்கிட்டயே மாஸ்க்கு, கிளவுஸு. உன் கோழிங்களப் பாரு. நாப்பதும் கல்லு மாதிரி நிக்குது. நோவு வந்து சுத்துவட்டாரத்துல வேற ஒரு ஷெட்டுலயும் கொக்கரிப்பு இல்ல.

— அதுக்குத்தான் வந்தேன். போன வாரம் இதுங்க தொண்டையில பஞ்சு வச்சு எடுத்துட்டுப் போனேன்ல, முடிவு வந்துடுச்சு.

— சொல்லு, சொல்லு. சுத்தமா இருந்திருக்குமே.

— நாப்பதுலயும் வைரஸ் இருக்கு.

— சும்மா சொல்லாதக்கா. ஒண்ணு கூடத் தும்மல. போட்ட தீனி மிச்சம் இல்ல. மரபணுவுல ஒரு இடத்தை மாத்திட்டோம், இனி வைரஸ் உள்ள போனாலும் பெருக முடியாம பட்டினி கிடந்து சாகும்னு நீதானே சொன்ன?

— சொன்னேன். அது சாகல. வேற வழி கத்துக்கிச்சு. கோழிக்கு ஒரு நோவும் காட்டாம உள்ளேயே குடியிருந்து பெருகியிருக்கு.

— அப்ப பக்கத்து ஷெட்டுல செத்த ஏழாயிரம்?

— இங்கிருந்து போனதுதான். ரெண்டு ஷெட்டு வைரஸையும் ஒப்பிட்டுப் பாத்துட்டேன்.

— அந்த ஷெட்டுக்கார அண்ணன் நாலு நாள் முன்னாடி இங்க வந்து அழுதாருக்கா. தோள்ல கை போட்டு ஆறுதல் சொன்னேன். எனக்கும் போன வருஷம் இதே நோவுன்னு மொத்தக் கோழியையும் குழியில தள்ளினாங்க, ஆனா எழுந்து நிக்கலயான்னு. முந்தாநாள்லருந்து அவருக்குக் காய்ச்சலாமே.

— வெறும் காய்ச்சல் இல்லடா. ஆஸ்பத்திரியில மூச்சுக்குக் குழாய் வச்சிருக்காங்க.

— அய்யோ.

— உக்காரு. உக்காருடா.

— போன வருஷம் காலி ஷெட்டுல பித்துப் பிடிச்சவன் மாதிரி கிடந்தேன். நீ பாவப்பட்டு ஆய்வுக்கூடத்துலருந்து அந்தக் குஞ்சுங்கள மறைச்சு எடுத்துட்டு வந்த. இல்லன்னா இன்னிக்கு நான் இல்லக்கா.

— அதை இப்ப எதுக்குப் பேசற?

— பேசணும். விஷயம் வெளிய வந்தா உன் வேலை போயிடும்ல? ஜெயிலு கூட உண்டுல்ல?

— ஆய்வுக்கூடத்தையே மூடிடுவாங்க. இதே வைரஸைத் தாங்குற கோழி அங்க பாதி வேலையில நிக்குது. இந்தத் தடவை மரபணுவுல மூணு இடத்துல மாத்தியிருக்கோம். அதுவும் போச்சுன்னா, நாளைக்கு எத்தனை ஷெட்டு, எத்தனை ஆளு.

— அப்ப உன் பேரே வரவேணாம். போன வருஷம் ஆய்வுக்கூடத்துக்கு உன்னைப் பாக்க வந்தப்ப, உனக்குத் தெரியாம நான்தான் குஞ்சைத் திருடினேன்னு சொல்லிடறேன். யாரு கேட்டாலும் அதேதான் சொல்வேன். பிள்ளைங்கள மட்டும் நீ பாத்துக்க.





— காலையில அப்படித்தான்டா எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்.