அம்மணி போன வழி

மீனாட்சி: பாறையா? பாகான் டாலாம் கடலுக்குள்ள ஏதுங்க பாறை? முழுக்கச் சேறு!

அய்யாக்கண்ணு: இருக்கு... தள்ளி இருக்கு. உனக்குத் தெரியாது.

மீனாட்சி: ஹாஜரா அக்கா, நீங்களே கேளுங்க. வலைக்கு மடிதானே எல்லாம்? மீன் போய்ச் சேர்ற அந்தப் பையே இல்லாம வந்து நிக்கிறாரு எம் புருஷன்.

சித்தி ஹாஜரா: எங்க வீட்டு மனுஷர் வேற மாதிரி சொன்னாங்களே, அண்ணே. மூழ்கிக் கெடந்த மரம்னாங்க.

அய்யாக்கண்ணு: காஜா மொய்தீனா? மரம்னா சொன்னாரு? ...ஆமா, மரந்தான். பாறை மேல மரம்.

மீனாட்சி: பாறை மேல மரம்! அதுமேல கிளி உக்காந்திருந்துச்சா?

அய்யாக்கண்ணு: சிரிக்காத, புள்ள.

மீனாட்சி: சிரிக்கலைங்க. மழைக்காத்து ஓஞ்சு இப்பதான் மீன் ஏறுது. நம்ம ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து இருக்கறது இந்த ஒரே வலை. இந்தப் பருவம் போச்சுன்னா நிபோங் திபால் ரப்பர் தோட்டத்துக்குப் பால் மரம் வெட்டத்தான் போகணும்னு நீங்கதான் சொன்னீங்க.

அய்யாக்கண்ணு: தெரியும்.

மீனாட்சி: இந்த ஓரத்தைப் பாருங்க. நூலு தானாப் பிஞ்சா பஞ்சு பஞ்சா நிக்கும். இது கத்தி பட்டது.

சித்தி ஹாஜரா: அண்ணே... அவங்க வந்ததுலேருந்து வாயில ஒண்ணும் வைக்கல. பள்ளிவாசல்ல போய் உக்காந்துட்டாங்க. பயந்த முகமும் இல்ல, சிரிச்ச முகமும் இல்ல. என்னத்தைப் பாத்தீங்க?

அய்யாக்கண்ணு: கரையில சொல்லக்கூடாது, தங்கச்சி. கடலுக்குப் போற சனத்தோட வழக்கம் அது.

மீனாட்சி: அம்மணியா?

அய்யாக்கண்ணு: வலையைக் குடு, உள்ள வெக்கிறேன்.

மீனாட்சி: அந்தப் பெரிய அம்மணிச் சுறாவாங்க?

அய்யாக்கண்ணு: மெதுவா! அவ எண்ணெய்க்காகச் சில பேரு ஈட்டியும் கையுமா அலையறானுங்க. காதுல விழுந்துச்சுன்னா...

சித்தி ஹாஜரா: யா அல்லாஹ்! எம்மாம் பெருசுண்ணே?

அய்யாக்கண்ணு: அவளுக்குப் பக்கத்துல நம்ம படகு கைப்புள்ள. தண்ணிக்கடியில கருப்பா வந்துச்சு. மேகத்து நெழலுன்னு நெனச்சேன். அண்ணாந்து பாத்தா வானத்துல மேகமே இல்ல! அப்புறம் முதுகு மேல வந்துச்சு... முழுக்க வெள்ளை வெள்ளையாப் புள்ளி. விடியறதுக்கு முந்தி இருக்கற வானத்தை எடுத்துப் போத்திக்கிட்ட மாதிரி.

மீனாட்சி: மடிக்குள்ள வந்துட்டாளா?

அய்யாக்கண்ணு: தலை மாட்டிக்கிச்சு. ஒரு வாலடி போதும், புள்ள, ரெண்டு பேரும் கடலோட போயிருப்போம். அடிக்கல. அப்படியே நின்னா. நாங்க என்ன செய்யப் போறோம்னு பாத்துக்கிட்டு நின்னா.

சித்தி ஹாஜரா: அவங்க என்ன செஞ்சாங்க?

அய்யாக்கண்ணு: காஜா பாய் பிஸ்மி சொல்லிக் கத்தியை நீட்டுனாரு. வாங்கினேன்... உன் நெனப்புதான் வந்துச்சு, மீனாட்சி. ராவும் பகலும் நீ முடிஞ்ச மடி. அறுத்துட்டேன். போறப்ப அவ கண்ணு எனக்குப் பக்கத்துல வந்து போச்சு. அம்மாம் பெரிய உடம்புக்கு இத்தினூண்டு கண்ணு! கும்பிட்டுட்டேன்.

மீனாட்சி: காயம் ஒண்ணும் இல்லையே அவளுக்கு?

அய்யாக்கண்ணு: ஒரு கீறல் இல்ல.

மீனாட்சி: சரி. சோறு மூடி வெச்சிருக்கேன். குளிச்சுட்டு வாங்க.

அய்யாக்கண்ணு: திட்டலையா?

மீனாட்சி: யாரைத் திட்ட? பாறையையா, மரத்தையா?

அய்யாக்கண்ணு: இல்ல... நாளைக்குத் தோட்டத்துக் கங்காணியைப் பாத்துட்டு வந்துடறேன். நாளைத் தள்ளுனா எடம் போயிடும்.

மீனாட்சி: கங்காணி எங்க ஓடிடப் போறாரு? ரெண்டு நாள் பொறுங்க லா. இப்பக் குளிக்கப் போங்க.

சித்தி ஹாஜரா: ...போயிட்டாரா?

மீனாட்சி: கெணத்தடிக்குப் போயிட்டாரு. அக்கா, ரெண்டாவது மடில உங்க பாதி எங்க இருக்கு?

சித்தி ஹாஜரா: பரண்ல, பழைய பாய்க்குள்ள சுருட்டி வெச்சிருக்கேன். நோன்புக்கு முந்தியே முடிஞ்சாச்சு. உன்னோடது?

மீனாட்சி: விறகுக்குப் பின்னால. எங்க வீட்டுப் பொம்பளைங்க எந்த வலை முடிஞ்சாலும் ஆம்பளைங்களுக்குத் தெரியாம மடி மட்டும் ரெண்டா முடிவாங்க. ஒண்ணு வலைக்கு, ஒண்ணு அம்மணிக்கு.

சித்தி ஹாஜரா: பாவம், அண்ணன் முகத்தைப் பாக்க முடியல. இப்பவே எடுத்துக் குடுத்துடுவமா?

மீனாட்சி: வேண்டாங்க்கா. ரெண்டு நாள் வாசல்ல உக்காந்து புதுசா முடியற மாதிரியே முடிவோம். இன்னொண்ணு இருக்குன்னு தெரிஞ்சு அறுத்தா, அது தானமாக்கா?